ஏழாவது மட்டும் வேறு பள்ளி

அந்தப் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் படித்த பள்ளியின் பெயர், வருடம், தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை. ஏழிலும் அரசுப் பள்ளி என்று வந்தால்தான், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் ஏழரை சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் போட முடியும். எனக்கு ஆறு கட்டங்கள் சரியாக இருந்தன.

"அது என்ன, ஏழாவது மட்டும் வேற ஸ்கூல்?" என்றார் தலைமையாசிரியை, என் மாற்றுச் சான்றிதழ்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு.

"மெட்ரிக் ஸ்கூல், டீச்சர்."

"எத்தனை வருஷம் படிச்ச?"

"ஒரே ஒரு வருஷம்தான் டீச்சர்."

'ஒரே ஒரு' என்பதை அழுத்திச் சொன்னேன், பேரம் பேசினால் குறைத்துக்கொள்வார் என்பதுபோல. அவர் பேனாவை மூடி வைத்தார். "ஃபீஸ் கட்டாம, இலவச ஒதுக்கீட்டுல படிச்சியா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், ஃபீஸ் கட்டித்தான்" என்றேன். "அப்ப அதுலயும் வழியில்லையே" என்றார். இனாமாகப் படித்திருந்தாலாவது பார்த்திருக்கலாமாம். எங்கள் நைனா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் கட்டியதுதான் குற்றம். இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம்தான் நீட் முடிவு வந்திருந்தது. அம்பத்தூரில் எங்கள் அரசு பெண்கள் பள்ளியில் நானும் என் பெஞ்சுத் தோழியும் மட்டும் தேறியிருந்தோம். இரண்டு பேரையும் காலைப் பிரார்த்தனையில் மேடையேற்றி, "இவங்க ரெண்டு பேரும் நம்ம ஸ்கூல் டாக்டருங்க" என்று தலைமையாசிரியை சொல்ல, மைதானமே கைதட்டியது. ஏழரைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்துவிடும் மதிப்பெண் என்று எல்லா ஆசிரியைகளும் சொன்னார்கள். அவளைவிட எனக்குக் கூடுதல். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்கூட வந்திருந்தது. நான் யாரிடமும் மறைக்கவில்லை, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேதான் திரிந்தேன்.

அந்த ஏழாம் வகுப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நைனாவுக்கு இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. தகட்டை வைத்து எடுக்க, வைத்து எடுக்க என்று நாள் முழுக்க அதே வேலை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். காம்பவுண்டின் முன்பக்கம் ஹவுஸ் ஓனர் வீடு. ஓனர் பெண்ணுக்கு என் வயது. தினமும் காலையில் மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவள் டை கட்டி, ஷூ போட்டு, ஐ.டி. கார்டு தொங்க இறங்கி வருவாள். நான் வாசலில் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். வேன் கிளம்பும்போது அவள் எனக்குக் கை காட்டுவாள். அது ஒன்றும் கெட்ட பெண் இல்லை. ஆனால் அந்தக் கை என்னைக் கொன்றது.

ஆறாவது முடிந்த விடுமுறையில் நான் சோறு தின்ன மாட்டேன் என்று படுத்துவிட்டேன். மூன்று நாள். வேன் வேண்டும், டை வேண்டும், அந்த ஸ்கூல் வேண்டும். அம்மா கரண்டிக் காம்பால் முதுகில் நாலு வைத்தாள். "இன்னாடி பெரிய கலெக்டர் பொண்ணா நீ? இந்த ஸ்கூலுக்கு இன்னா கொறச்சல்?" என்று கத்தினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உள்ளுக்குள் பசி பிறாண்டியது. ஒருமுறை அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது வெல்லத்தைத் திருடித் தின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நேர்மையாக இருக்கட்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நைனா வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"எந்திரி கண்ணு. காண்ட்ராக்டராண்ட பேசிக்கினு வந்துட்டேன். கைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வரும். வேன்லயே போ."

என்ன பேசினார், எப்படி ஜாஸ்தியாக வரும் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் அதையெல்லாமா கேட்பாள்? எழுந்து மூன்று தட்டுச் சோறு தின்றேன். நைனா சிரித்துக்கொண்டே தட்டில் குழம்பு ஊற்றினார். ஜூன் மாதம் டை கட்டி வேனில் ஏறினேன். ஓனர் பெண் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலை வேறு வந்ததில்லை, பொய் சொல்ல விருப்பமில்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் நைனாவின் வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு பிரஸ்ஸில் போய்விட்டது.

எஸ்டேட்டில் அது புதுசில்லை. எங்கள் தெருவில் முழுசாகப் பத்து விரலோடு இருந்த ஆண்களை எண்ணிச் சொல்லிவிடலாம். யாருக்கு அடிபட்டாலும் கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டு நேராக ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பது அதற்குத்தானே. வைத்தியம் இலவசம், வேலைக்குப் போகாத நாளுக்கும் ஏதோ கொடுப்பார்கள். ஆனால் நைனா பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனார். வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். ஒல்லியாக, தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். நர்ஸ் இன்னும் வரவில்லை. அம்மா ரத்தத்தைப் பார்த்ததும் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, "மயக்கம் போட மாட்டியே? இந்த ட்ரேயைப் பிடி" என்றார். பிடித்தேன். ஊசி உள்ளே போய் வெளியே வருவதைக் கண் சிமிட்டாமல் பார்த்தேன். நைனா என்னைப் பார்த்துக்கொண்டே வலியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, "உன் பொண்ணு தைரியசாலிப்பா, டாக்டராக்கு" என்றார். அவர் சும்மா சொல்லிவிட்டுப் போயிருப்பார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "நைனா, நீ ஏன் ஈ.எஸ்.ஐ.க்குப் போவல?"

"அங்க ஒரே கூட்டம் கண்ணு. டோக்கன் போட்டுக்கினு எவன் குந்திக்கினு கெடப்பான்?"

நம்பினேன்.

இரண்டு மாதம் அவர் வீட்டில் கிடந்தார். அதன்பின் விரல் இல்லாதவரைப் பிரஸ்ஸில் வைக்க முடியாது என்று, தூசி பறக்க இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங்குக்கு மாற்றினார்கள். ஏழாவது முடிந்ததும் என்னைப் பழைய அரசுப் பள்ளிக்கே கூட்டிப்போய் எட்டாவதில் சேர்த்தார்கள். இந்த முறை நான் சோறு தின்னாமல் படுக்கவில்லை. முதல் நாள் வகுப்பில், "ஐயோ பாருடி, மெட்ரிக்கு வந்துட்டா" என்று ஒருத்தி கத்த, பன்னிரண்டாவது வரைக்கும் எனக்கு 'மெட்ரிக்கு' என்பதே பெயராயிற்று. என் பெஞ்சுத் தோழி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பள்ளிகளில் கூட்டிப் பெருக்கும் வேலை. டை, வேன் என்றெல்லாம் கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஏழரை சதவீதம் என்பது நான் ஏழாவது படித்த காலத்தில் கிடையாது. பின்னால்தான் வந்தது. வந்தபோது டி.வி.யில் பார்த்து எங்கள் வீடே கைதட்டியது. "நம்மள மாதிரி புள்ளைங்களுக்குத்தான் கண்ணு" என்று நைனா துள்ளினார். 'ஆறாம் வகுப்பு முதல்' என்ற வார்த்தையை எங்களில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. நான் அரசுப் பள்ளிப் பெண், அவ்வளவுதானே! நடுவில் ஒரு வருடம் வேனில் போனதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? மற்ற பிள்ளைகள் லட்சம் லட்சமாய்க் கொட்டி கோச்சிங் போக, நான் சனிக்கிழமை பள்ளியில் நடந்த இலவச வகுப்பையும் நைனாவின் போனில் வீடியோவையும் வைத்தே படித்தேன். போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஒரு வருடம் போன் இல்லாமல் வேலைக்குப் போய்வந்தார்.

தலைமையாசிரியை பேனாவை மூடிய அன்று நான் வீட்டில் சொன்னதும், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா மறுநாள் காலை கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். நான் பின்னாலேயே போய் அறைக்கு வெளியே நின்றேன்.

நைனா கும்பிட்டுவிட்டு உட்காராமலே நின்றார். "அம்மா, அந்த ஒரு வருசத்தையும் இங்கியே படிச்சான்னு எழுதிக் குடுத்துடுங்கம்மா. உங்க காலுல உயுறேன்."

தலைமையாசிரியை பதறி எழுந்துவிட்டார். அலமாரியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "பாருங்க. ஆறாவதுல ஒரு நம்பர், எட்டாவதுல ஒரு நம்பர். உங்க பொண்ணு இங்க ரெண்டு தடவை சேந்திருக்கா. நான் பொய்யா எழுதி, சர்டிபிகேட் சரிபாக்கும்போது பிடிச்சாங்கன்னா, இந்த சீட்டும் போயி, அவ இனிமே எதுக்குமே அப்ளை பண்ண முடியாதபடி ஆயிடும். அத நான் செய்யமாட்டேன். எனக்கு மட்டும் ஆசையில்லையா? மேடையேத்தி டாக்டர்னு சொன்னவ நான்தான்."

சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அதுவரை அவரை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்துப்போனது, அதனால் என்ன பிரயோசனம்?

"தப்பு என் மேலதாம்மா" என்றார் நைனா. "நான்தான் அந்த ஸ்கூல்ல போட்டேன்."

உள்ளே போய், இல்லை டீச்சர், நான்தான் மூன்று நாள் பட்டினி கிடந்து கேட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏழரையை விட்டுவிட்டுப் பொதுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தோம். தரவரிசைப் பட்டியலில் என் பெயரைத் தேட பிரவுசிங் சென்டர் அண்ணன் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தார். உருட்டினார், உருட்டினார், கை வலித்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பள்ளியில் கைதட்டு வாங்கிய மதிப்பெண் அந்தப் பட்டியலில் கும்பலோடு கும்பலாகக் கிடந்தது. எங்கள் சாதிப் பிரிவின் கட்-ஆஃப் எங்கேயோ மேலே போய்விட்டிருந்தது.

அடுத்தது வேலப்பன்சாவடி. கல்லூரிகள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலையில், ஒரு மாடியில் 'அட்மிஷன் கைடன்ஸ்' என்று போர்டு. ஏ.சி. அறை, இலவச காபி. டை கட்டிய ஒருவர் ஐந்து கலர் தாள்களை எங்கள் முன் விரித்தார். அரசு ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் ஒதுக்கீடு, என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், வெளிநாடு. எதைத் தொட்டாலும் அதற்குக் கீழே ஒரு தொகை. நைனா அதிலிருந்த சைபர்களை நுனி இல்லாத விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வெளியில இருக்காங்களா சார்? என்.ஆர்.ஐ.ல ஸ்பான்சர் பண்ற மாதிரி?"

"கீறான் சார்" என்றார் நைனா ஆர்வமாக. "பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைல என் மச்சான் கீறான்."

அந்த ஆள் ஒரு நொடி விழித்துவிட்டு, தாள்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. காபியைக் குடித்து இரண்டையும் உள்ளே தள்ளினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நைனா, "இன்னாத்துக்கு சிரிச்ச?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பூந்தமல்லி பஸ் வரும் வரை நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்தவர்கள்போலச் சிரித்தோம். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் யாராவது சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு ஒரு நாள் பிரவுசிங் சென்டர் அண்ணன் என்னைத் தெருவில் நிறுத்தினார். "இந்தாம்மா, உங்க நைனாவுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கள்ல? ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் காலேஜ்ல தொழிலாளிங்க புள்ளைங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு கீது. உன் மார்க்குக்குச் சான்ஸ் கீது போல. நைனாவோட கார்டு நம்பரை எட்த்துக்கினு வா, சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணலாம்."

ஓடினேன். செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்று விழ, அதை விட்டுவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். "உன் கார்டு எங்க கீது? குடு, குடு!"

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"நமக்கு அது கெடையாது கண்ணு."

"கெடையாதுன்னா? தெருவுல எல்லாருக்கும் கீது!"

"எனுக்குப் பிடிக்கறது இல்ல. நான் ரோல்ல இல்ல."

அப்புறம் நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "இத்தினி வருசமா கம்பெனிக்கு வெரலக் குடுத்துட்டு, ஒரு கார்டு வாங்க வக்கில்லையா உனக்கு? நீயெல்லாம் இன்னாத்துக்குப் புள்ள பெத்த? எனக்கு வர்ற ஒவ்வொரு வழியையும் நீதான் அடைச்சிக்கினு நிக்கற!" என்றேன். காம்பவுண்டு முழுக்கக் கேட்டிருக்கும். நைனா பாதித் தட்டோடு எழுந்து கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க நைனாவுக்கு முன்ன பிடிச்சுக்கினுதான் இருந்தாங்க. நீ மூணு நாள் சோறு துன்னாம படுத்துக்கினியே, அன்னிக்குத்தான் போயி காண்ட்ராக்டராண்ட, 'ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ஒண்ணும் பிடிக்காதபா, எல்லாத்தையும் கைல குடுத்துடு, பொண்ண ஸ்கூல்ல சேக்கணும்'னு கேட்டுக்கினு வந்தாரு. அவனுக்கும் அது சவுரியம்தான், ரோல்லேந்தே பேர அடிச்சிட்டான். அந்த வருசமே வெரலு போச்சு. ஈ.எஸ்.ஐ.க்குப் போக முடியல. கைக்காசப் போட்டு வைத்தியம் பாத்து, ரெண்டு மாசம் கூலி இல்லாம, உன் ஃபீஸும் கட்ட முடியாம, இஸ்துக்கினு வந்து கவர்மென்ட் ஸ்கூல்ல உட்டோம். அப்பால எத்தினியோ தபா கேட்டாரு, அவன் சேக்கவே இல்ல. உனுக்குச் சொல்லக்கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிக்கினாரு. இப்ப நீ பேசுனதுக்கு அப்பால, சத்தியமாவது மண்ணாவது."

ஏழரைக்கான கதவையும் நான்தான் சாத்தினேன், ஈ.எஸ்.ஐ. கதவையும் நான்தான் சாத்தினேன். அதுவும் ஒரே வாரத்தில், ஒரே பட்டினியில், நடுவில் வெல்லம் வேறு தின்றுகொண்டு. அழுகை வரவில்லை. என்மேல் எனக்கு அருவருப்புதான் வந்தது.

என் பெஞ்சுத் தோழிக்குத் தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு பெட்டி ஸ்வீட்டோடு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்குக் கெடைக்க வேண்டியதுடி" என்று அழுதாள். அது உண்மையில்லை, அவள் படித்து வாங்கியது அது. எனக்குத் தெரியும். ஆனாலும், "சரி சரி, ட்ரெயினுக்கு நேரமாவுது, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரயில் மறுநாள்தான். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் என்றிருக்கிறது.

அடுத்த வருடம் இன்னொரு முறை எழுதினேன். பகலில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸில் படித்தேன். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. கட்-ஆஃப் அதைவிட அதிகம் ஏறியது. போதும் என்று விட்டுவிட்டேன். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்து முடித்தேன். இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறேன். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சிலர் என்னை டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்லங்க" என்று உடனே திருத்திவிடுவேன். முன்பு கொஞ்சம் தாமதித்துத் திருத்துவேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தத்துக்கு. உன்னைச் சார்ந்தவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். என்கூடச் சேர்ந்த ஒருத்தி, "இது எதுக்குடி தண்டமா? பிடிக்க வேணாம், கையில குடுங்கன்னு கேப்போமா?" என்றாள். "வாயை மூடு, பல்லைக் கழட்டிடுவேன்" என்றேன். பாவம், மிரண்டுபோய்விட்டாள். பிறகு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் முதல் கட்டத்தில் நைனா பெயரையும் அதற்குக் கீழே அம்மா பெயரையும் எழுதினேன். கார்டு வந்ததும் நைனாவிடம் கொடுத்தேன். அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என் பேரும் கீதா இதுல?" என்றார்.

கிரைண்டிங் வேலையை விட்டு அப்போது அவருக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. விடவில்லை, முடியவில்லை. பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். இருமல் தொடங்கினால் காம்பவுண்டே எழுந்துகொள்ளும். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ சிரப்பை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இருமுகிறார் என்று யோசித்தால், நான் நீட்டுக்குப் போனை வைத்துப் படித்த காலத்திலேயே பின்னணியில் அந்த இருமல் இருந்தது. சத்தமாக இருக்கிறது, வெளியே போய் இருமு என்று நான்தான் விரட்டியிருக்கிறேன்.

போன மாதம் லீவு போட்டுவிட்டு அவரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம்தான், ஆனால் அப்படியொன்றும் பயப்படும் கூட்டமில்லை. ஒரு மணி நேரத்தில் முறை வந்துவிடும் என்றார்கள். பக்கத்தில் கையில் கட்டோடு ஒரு தொழிலாளி தூங்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நைனா, அன்னிக்கு நான் உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்."

"என்னிக்கு?" என்றார்.

"உனக்குத் தெரியும் என்னிக்குன்னு."

"எனுக்கு இன்னா தெரியும்? அத்த உடு. நம்ம நம்பர் வந்துடுச்சா பாரு."

உள்ளே ஒரு இளம் டாக்டர். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை நைனாவின் முதுகில் வைத்து, "மூச்சு இழுங்க... விடுங்க... இழுங்க" என்று ரொம்ப நேரம் கேட்டார். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அந்த முகம் எனக்குப் பழக்கம்தான். எழுதிக்கொண்டே, "எத்தனை வருஷமாய்யா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அது ஆவும்மா, அஞ்சாறு வருசம்."

"அஞ்சாறு வருஷமா?" டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதட்டலாகத்தான் கேட்டார், ஆனால் அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம். கம்பெனியில வேலை செஞ்சவர்தானே, ஏன்யா இவ்வளவு நாள் இங்க வரல?"

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலில் வைத்திருந்த அந்தக் குட்டை விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

"இங்க ஒரே கூட்டமா இருக்குமேம்மா" என்றார். "அதான் வரல."